டேப்பர் தண்டின் நீட்சி கணக்கோடு ஒத்துப்போகாதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு முனை பருத்தும் மறுமுனை சிறுத்தும் கடையப்பட்ட டேப்பர் தண்டை யு.டி.எம். எனப்படும் இழுவைச் சோதனை இயந்திரத்தில் மாட்டி இழுக்கும்போது, நோட்டில் போட்ட கணக்கு ஒன்றாகவும் டயல் கேஜ் (சிறு நகர்வை முள்ளால் காட்டும் கருவி) காட்டும் அளவு வேறொன்றாகவும் நிற்பது, சேலத்துப் பாலிடெக்னிக் ஆய்வகங்களில் ஒவ்வொரு பருவத்திலும் தவறாமல் வரும் சிக்கல். மாணவர்கள் மட்டுமல்ல, சூரமங்கலம் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து இழுவைத் தண்டுகளைச் சோதிக்கக் கொண்டுவருகிறவர்களும் இதே குழப்பத்தோடுதான் வருகிறார்கள். வந்தவுடன் பெரும்பாலோர் இயந்திரத்தின் மேல் பழி போடுகிறார்கள். இயந்திரம் பழுதாகியிருக்க வாய்ப்பு உண்டு என்றாலும், அதற்கு முன்னால் ஒரு காசு செலவில்லாமல் பார்த்து முடிக்கக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி, தண்டின் சிறிய முனையைப் போதிய கவனத்தோடு அளக்காததால் வருபவை. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிய காரணத்தில் தொடங்கிச் செலவு மிக்க காரணம் வரை வரிசையாகச் சொல்லி, எந்த இடத்தில் நாமாகக் கை வைப்பதை நிறுத்திக்கொண்டு ஆள் கூப்பிட வேண்டும் என்பதையும் குறித்திருக்கிறேன்.

## ஒப்பிடுவதற்கு ஒரு தண்டு

எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே தண்டை எடுத்துக்கொள்வோம். மைல்டு ஸ்டீல், டேப்பர் பகுதியின் நீளம் 300 மி.மீ., பெரிய முனையின் விட்டம் 20 மி.மீ., சிறிய முனையின் விட்டம் 12 மி.மீ., சுமை 15 கிலோநியூட்டன், யங் குணகம் (உலோகத்தின் விறைப்பைக் காட்டும் எண்) சதுர மி.மீட்டருக்கு 2,00,000 நியூட்டன். இரு முனைகளிலும் கிரிப்பில் (இயந்திரத்தின் பிடியில்) பிடிப்பதற்காக, அந்தந்த முனையின் விட்டத்திலேயே நேரான பகுதி விடப்பட்டிருக்கிறது.

வட்டக் குறுக்குவெட்டு உள்ள டேப்பர் தண்டின் நீட்சிக்கான வாய்பாடு இது:

நீட்சி = (4 × சுமை × நீளம்) ÷ (பை × யங் குணகம் × பெரிய விட்டம் × சிறிய விட்டம்)

எண்களைப் போட்டால் 0.119 மி.மீ. வரும். சிறிய முனையில் தகைவு (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) சதுர மி.மீட்டருக்கு ஏறத்தாழ 133 நியூட்டன், பெரிய முனையில் 48 நியூட்டன் மட்டுமே. இந்த 0.119 மி.மீ. நீட்சியும் தண்டு நெடுகச் சமமாகப் பரவியிருப்பதில்லை. சிறிய முனையை ஒட்டிய பாதித் தண்டு 0.075 மி.மீட்டரும், பெரிய முனையை ஒட்டிய பாதி 0.045 மி.மீட்டரும் நீளுகின்றன. இந்த இரண்டு எண்களையும் நோட்டின் மேல்பகுதியிலேயே எழுதி வைத்துக்கொண்டால் கீழே வரும் பல சோதனைகளுக்கு உதவும்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை

தண்டின் மேல் 75 மி.மீ. இடைவெளியில் ஐந்து கோடுகள் இட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் விட்டத்தை அளக்க வேண்டும். நம் தண்டில் 20, 18, 16, 14, 12 என வரிசையாக வந்தால் டேப்பர் நேராக இருக்கிறது என்று பொருள். வரைபடத்தில் உள்ள அளவை அப்படியே கணக்கில் போடுவது கூடாது. சிறிய விட்டம் 12 மி.மீட்டருக்குப் பதிலாக 11.5 மி.மீ. இருந்தாலே நீட்சி 4 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும்.

மைக்ரோமீட்டரால் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் இரு முகங்களும் தட்டையானவை. பொதுவாக ஏறத்தாழ 6.5 மி.மீ. அகலம் கொண்டவை. சரிவான தண்டை அவை பிடிக்கும்போது, முகத்தின் நடுப்பகுதி தண்டைத் தொடாது. பெரிய முனையை நோக்கிய ஓரம்தான் தொடும். முகத்தின் நடுவைக் கோட்டின் மேல் வைத்து அளந்தால், நம் தண்டில் உண்மையைவிட ஏறத்தாழ 0.09 மி.மீ. கூடுதலாகக் காட்டும். முகத்தின் அந்த ஓரத்தையே கோட்டோடு சேர்த்து வைத்து அளந்தாலோ, வெர்னியரின் கூர்மையான நுனிப் பகுதியால் அளந்தாலோ இந்தப் பிழை நீங்கிவிடும்.

நடுக்கோட்டில் 16 மி.மீ. வராமல் அதைவிடச் சிறிதாக வந்தால், டேப்பர் நேர்கோடாக இல்லாமல் உள்வாங்கியிருக்கிறது. லேத்தில் கடையும்போது டூலின் நுனி சென்டர் உயரத்தில் இல்லாமல் மேலேயோ கீழேயோ இருந்தால் இப்படி ஆகும். அந்தத் தண்டுக்கு மேலே சொன்ன வாய்பாடு முழுத் தண்டுக்குமாகப் பொருந்தாது. நான்கு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் இரு முனை விட்டங்களையும் அதே வாய்பாட்டில் போட்டு, நான்கு விடைகளையும் கூட்டிக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: நீட்சி கணக்கைவிடப் பல மடங்கு காட்டுகிறது

0.119 வர வேண்டிய இடத்தில் 1 மி.மீ., 2 மி.மீ. என்று வருவது இந்த வகை.

எங்கே அளந்தீர்கள்? இயந்திரத்தின் கிராஸ்ஹெட் (கிரிப்பைத் தாங்கி நகரும் குறுக்குச் சட்டம்) நகர்ந்த தூரத்தை அளவுகோலில் படித்து நீட்சி என்று எழுதியிருந்தால், வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கிராஸ்ஹெட்டின் நகர்வில் கிரிப் அமர்ந்துகொள்வது, இயந்திரத்தின் தூண்கள் நீளுவது, திருகுகளில் இருக்கும் தளர்ச்சி எல்லாம் சேர்ந்தே வரும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அளக்க வேண்டிய சோதனைக்கு அந்த அளவுகோல் உதவவே உதவாது. எக்ஸ்டென்சோமீட்டரோ (தண்டில் மாட்டி நீட்சியை அளக்கும் கருவி), தண்டின் மேலேயே பிடிக்கப்பட்ட டயல் கேஜோ கட்டாயம் வேண்டும். டயல் கேஜும் 0.01 மி.மீ. நுட்பம் கொண்டதாக இருந்தால் போதாது, அதில் 0.12 என்று படிக்கும்போதே 4 விழுக்காடு ஐயம் ஒட்டிக்கொண்டிருக்கும். 0.001 அல்லது 0.002 மி.மீ. நுட்பம் கொண்டதைப் பயன்படுத்துங்கள்.

சரியாக நான்கு மடங்கா? அப்படியானால் விட்டம் கேட்கும் வாய்பாட்டில் ஆரங்களைப் போட்டிருக்கிறீர்கள் அல்லது அளவீடு சரியாக இருக்கக் கணக்கில் 4 என்ற எண் விடுபட்டிருக்கிறது. முதல் வகையில் கணக்கு நான்கு மடங்காகும். இரண்டாவது வகையில் அளவீடு கணக்கைப்போல் நான்கு மடங்காகத் தெரியும். பத்தின் மடங்குகளில் வேறுபாடு இருந்தால் கிலோநியூட்டனை நியூட்டனாக மாற்றினீர்களா என்று பாருங்கள்.

தண்டு கிரிப்பிலிருந்து வழுக்குகிறதா? கிரிப்பின் தாடை முடியும் இடத்தில், தண்டின் மேல் மார்க்கர் பேனாவால் சுற்றிலும் ஒரு கோடு போட்டுவிட்டு இழுங்கள். சுமை ஏறியபின் கோட்டுக்கும் தாடைக்கும் இடையே வெள்ளையான உலோகம் ஒரு வளையமாகத் தெரிந்தால் தண்டு வழுக்குகிறது. தண்டைக் கழற்றிப் பார்த்தால் தாடைப் பற்களின் தடம் புள்ளி புள்ளியாக இல்லாமல் நீளக் கீறல்களாக இழுபட்டிருக்கும். பற்களுக்கு இடையில் படிந்த இரும்புத் தூளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கம்பித் தூரிகையால் எடுத்துவிட்டு, தண்டைத் தாடையின் முக்கால் நீளத்துக்குக் குறையாமல் உள்ளே செலுத்துங்கள். 12 மி.மீ. முனைக்கும் 20 மி.மீ. முனைக்கும் வேறு வேறு அளவுத் தாடைகள் தேவைப்படலாம் என்பது டேப்பர் தண்டுக்கே உரிய தொல்லை. இரு முனைக்கும் ஒரே ஜோடியைப் போட்டால் சிறிய முனையை அது முழுமையாகக் கவ்வாது.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: சுத்தம் செய்து, சரியான அளவுத் தாடை போட்ட பிறகும் வழுக்கினால் பற்கள் மழுங்கிவிட்டன. அவற்றை அரத்தால் கூர்தீட்ட முயல வேண்டாம். பதப்படுத்திய எஃகுப் பல்லில் அரம் ஏறாது. ஏறினால் அந்தத் தாடை இனிமேல் பயன்படாது. தாடை ஜோடியை இயந்திரம் விற்றவரிடமே வாங்கி மாற்றுங்கள்.

## அறிகுறி 2: நீட்சி 15 முதல் 40 விழுக்காடு வரை கூடுதல்

நேரான பகுதியையும் சேர்த்து அளந்துவிட்டீர்களா? இந்த அறிகுறிக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டயல் கேஜின் பிடியை டேப்பர் தொடங்கும் கோட்டில் வைக்காமல் கிரிப்புக்கு அருகே வைத்திருப்பார்கள். நம் தண்டில் சிறிய முனையின் பக்கம் 40 மி.மீ., பெரிய முனையின் பக்கம் 40 மி.மீ. நேரான பகுதி சேர்ந்துகொண்டால், முதலாவது 0.027 மி.மீட்டரும் இரண்டாவது 0.010 மி.மீட்டரும் கூட்டும், மொத்தம் 0.036 மி.மீ., அதாவது உண்மையான நீட்சியில் 30 விழுக்காடு. பிடியின் முள் முனைகள் டேப்பர் தொடங்கும் கோட்டிலும் முடியும் கோட்டிலும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். வைக்க இடம் இல்லையென்றால் நேரான பகுதிகளின் நீட்சியைத் தனியாகக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளலாம்.

வெப்பமா? 300 மி.மீ. எஃகுத் தண்டு 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 0.036 மி.மீ. நீளும். இதுவும் 30 விழுக்காடுதான். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் இடையே ஏறத்தாழ அந்த அளவு வெப்ப வேறுபாடு இருக்கும். ஆகவே காப்பித் தோட்டத்து இயந்திரங்களின் தண்டை மலையிலிருந்து காலையில் இறக்கிக் கொண்டுவந்து உடனே மாட்டிச் சோதித்தால், சுமையே ஏற்றாமலும் முள் மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். சித்திரை, வைகாசி மாதங்களில் தகரக் கூரை போட்ட பட்டறையிலிருந்து வரும் தண்டு இதற்கு நேர்மாறாக, ஆய்வகத்துக்குள் வந்தபின் சுருங்கிக்கொண்டிருக்கும். தண்டை இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மாட்டுங்கள். சன்னல் வெயில் தண்டின் மேல் விழாமல் மறையுங்கள். கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பதும் கூடாது. சுமை இல்லாமல் பத்து நிமிடம் முள் அசையாமல் நின்றால்தான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

உலோகம் எது? பித்தளையின் யங் குணகம் எஃகில் ஏறத்தாழ பாதி, அலுமினியத்தினுடையது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இவற்றை எஃகு என்று எண்ணிக் கணக்கிட்டால் வேறுபாடு இரண்டு, மூன்று மடங்காகவே வரும். 40 விழுக்காட்டில் நிற்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பொறுத்தவரை, 304 வகையின் குணகம் ஏறத்தாழ 1,93,000. மைல்டு ஸ்டீலோடு ஒப்பிட்டால் வேறுபாடு மிகச் சிறிது. சேலத்தில் உருக்காலை இருக்கும் காரணத்தால் ஸ்டெயின்லெஸ் துண்டு கையில் கிடைத்தது என்று சந்தேகப்பட்டு நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

## அறிகுறி 3: எல்லாச் சுமையிலும் ஒரே விகிதத்தில் 5 முதல் 15 விழுக்காடு கூடுதல்

வரைபடம் நேர்கோடாக இருக்கிறது, சுமையை இறக்கினால் முள் சுழிக்குத் திரும்புகிறது, ஆனால் ஒவ்வொரு சுமையிலும் கணக்கைவிடச் சற்றே அதிகம் என்றால், பத்தில் ஒன்பது முறை அளவீடு சரி, கணக்குதான் தவறு. இயந்திரத்தைத் தொடாதீர்கள்.

சராசரி விட்டத்தைப் போட்டீர்களா? 20-ம் 12-ம் சேர்ந்து சராசரி 16 என்று எடுத்துக்கொண்டு, நேரான 16 மி.மீ. தண்டு என்று கணக்கிட்டால் 0.112 மி.மீ. வரும். உண்மை அதைவிட 6.7 விழுக்காடு கூடுதல். விட்டங்களுக்குப் பதிலாக இரு முனைப் பரப்புகளின் சராசரியை எடுத்தவர்களுக்கு 0.105 மி.மீ. வரும், உண்மை அதைவிட 13 விழுக்காடு கூடுதல். ஆகவே உங்கள் வேறுபாடு ஏறத்தாழ 7 என்றால் முதல் தவறு, 13 என்றால் இரண்டாவது தவறு என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். முனைகளின் விட்ட வேறுபாடு கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும்: 20-க்கு 10 என்றால் சராசரி விட்டம் போட்டவருக்கு 12.5 விழுக்காடும், சராசரிப் பரப்பு போட்டவருக்கு 25 விழுக்காடும் பிசகும்.

சராசரியை விட்டுவிட மனமில்லாதவர்கள், இரண்டு விட்டங்களையும் பெருக்கி அதன் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்ளட்டும். நம் தண்டுக்கு அது 15.49 மி.மீ.; அந்த விட்டமுள்ள நேரான தண்டின் நீட்சியும் இந்த டேப்பர் தண்டின் நீட்சியும் துல்லியமாக ஒன்றே. பட்டறைக்காரர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் நேரான தண்டின் கணக்கு அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமாக இருக்கிறது. நீட்சிக்கு மட்டும்தான் இது. தண்டு தாங்குமா என்று பார்ப்பதற்கு 12 மி.மீ. முனையின் பரப்பைத்தான் எடுக்க வேண்டும்.

எக்ஸ்டென்சோமீட்டர் தண்டின் நடுவில் இருக்கிறதா? 50 மி.மீ. அளவுநீளம் கொண்ட கருவியை நடுவில் மாட்டி, வந்த எண்ணை ஆறால் பெருக்கி முழு நீட்சி என்று சொல்பவர்களுக்கு 0.112 மி.மீ. கிடைக்கும். இங்கே அளவீடு கணக்கைவிடக் குறைவாக நிற்கும் என்றாலும், சராசரி விட்டத் தவறின் அதே உருவம்தான் இது. ஆகவே ஒருவர் இரண்டு தவறையும் ஒன்றாகச் செய்தால் கணக்கும் அளவீடும் அழகாகப் பொருந்திப்போகும். பொருந்திவிட்டதே என்று விட்டுவிடாமல், அளவுநீளத்தை மாற்றி ஒருமுறை பாருங்கள்.

தண்டு தகடா, உருளையா? அகலம் குறைந்துகொண்டே வரும் தட்டையான பட்டைக்கு வேறு வாய்பாடு. தடிமன் மாறாமல் அகலம் மட்டும் மாறும் பட்டையில், சுமையையும் நீளத்தையும் பெருக்கி, பெரிய அகலத்தைச் சிறிய அகலத்தால் வகுத்து வரும் எண்ணின் இயல் மடக்கையால் மேலும் பெருக்கி, யங் குணகம், தடிமன், இரு அகலங்களின் வேறுபாடு ஆகிய மூன்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். 6 மி.மீ. தடிமன், 40-லிருந்து 20 மி.மீ. அகலம், 300 மி.மீ. நீளம், 15 கிலோநியூட்டன் என்றால் 0.130 மி.மீ. வரும். சராசரி அகலம் 30 என்று போட்டால் 0.125 வரும். விடை 0.056 என்று வந்தால், கால்குலேட்டரில் இயல் மடக்கைக்கு உரிய பொத்தானை விட்டுவிட்டுப் பத்தடிமான மடக்கையின் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள்.

## அறிகுறி 4: நீட்சி கணக்கைவிடக் குறைவு

கருவி பருத்த பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறதா? அதே 50 மி.மீ. கருவி, நம் தண்டின் பருத்த முனையை ஒட்டி 0.013 மி.மீட்டரும், சிறுத்த முனையை ஒட்டி 0.030 மி.மீட்டரும் காட்டும். ஒரே தண்டு, ஒரே சுமை, இரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. கருவி எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை பிடித்திருக்கிறது என்பதை எழுதாத அளவீட்டை நான் ஏற்றுக்கொள்வதில்லை. பிடித்த இரு இடங்களின் விட்டங்களையும் அளந்து, அந்தத் துண்டுக்கு மட்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

டயல் கேஜின் தண்டு இறுகியிருக்கிறதா? விரலால் மெல்ல அழுத்தி விட்டால் முள் தயங்காமல் பழைய இடத்துக்கு வர வேண்டும். தயங்கினால் உள்ளே தூசு இருக்கிறது. அதற்குள் எண்ணெய் விடுவது பழக்கமாகிவிட்டது. எண்ணெய் தூசைப் பிடித்துவைத்து, சில வாரங்களில் முன்பைவிட மோசமாக்கும். கேஜை மாற்றிப் பாருங்கள்.

சுமை உண்மையில் 15 கிலோநியூட்டன்தானா? பழைய இயந்திரங்களில் ரேஞ்ச் (அளக்கக்கூடிய சுமையின் எல்லை) மாற்றும்போது, சுமையைக் காட்டும் பகுதியில் தொங்கும் ஊசலின் எடையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். முகப்பில் ஒரு ரேஞ்சும் ஊசலில் வேறு எடையுமாக நின்றால் சுமை முழுவதும் தவறாகும். 40 டன், 60 டன் இயந்திரத்தின் முழு ரேஞ்சில் 15 கிலோநியூட்டன் என்பது முள் புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே நிற்கும் அளவு. மிகச் சிறிய ரேஞ்சில் வைத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் நம்பிக்கையான ஒரு சோதனை உண்டு. அதே கம்பியிலிருந்து வெட்டிய துண்டில், டேப்பர் இல்லாமல் 16 மி.மீ. விட்டத்துக்கு நேராகக் கடைந்த தண்டு ஒன்றை எப்போதும் ஆய்வகத்தில் வைத்திருங்கள். 300 மி.மீட்டருக்கு 15 கிலோநியூட்டனில் அது 0.112 மி.மீ. நீள வேண்டும்.

- நேரான தண்டு சரியாகக் காட்டி, டேப்பர் தண்டு மட்டும் பிசகினால், பழுது தண்டின் அளவிலோ கணக்கிலோ கருவி வைத்த இடத்திலோ இருக்கிறது. முதல் வேலைக்குத் திரும்புங்கள்.
- நேரான தண்டும் அதே விழுக்காடு பிசகினால், பழுது சுமையைக் காட்டும் பகுதியிலோ நீட்சியை அளக்கும் கருவியிலோ இருக்கிறது. கருவியை மாற்றிப் பார்த்தும் மாறவில்லை என்றால் சுமைதான்.

ஆள் கூப்பிட வேண்டிய இடம்: சுமை தவறு என்று முடிவானால் லோடு செல்லின் (சுமையை உணரும் பகுதியின்) திருகையோ மின்னணுப் பெட்டியின் அமைப்புகளையோ நாமாகத் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. ஒருமுறை திருப்பிவிட்டால் முன்பு எடுத்த அளவீடுகளில் எது சரி என்று சொல்ல வழியில்லாமல் போய்விடும். ஐ.எஸ். 1828 என்னும் இந்தியத் தர விதியின்படி அளவீட்டுச் சான்று தரும், என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தை அழைத்துச் சுமையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். சான்று எந்த ரேஞ்சுக்குத் தரப்பட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். நாம் பயன்படுத்தும் சிறிய ரேஞ்ச் அதில் இல்லாமலும் போகலாம்.

## அறிகுறி 5: தொடக்கத்தில் வளைந்து, பிறகு நேராகும் வரைபடம்

கிரிப் அமர்வதும் மிகச் சிறிய வளைவுகள் நிமிர்வதும் தொடக்கத்தில் இப்படிக் காட்டும், இது பழுதன்று. 3 கிலோநியூட்டன் வரை ஏற்றி, அங்கே கேஜைச் சுழியில் வைத்து, அங்கிருந்து 15 வரை எடுங்கள். 12 கிலோநியூட்டன் வேறுபாட்டுக்கு நீட்சி 0.095 மி.மீ. வர வேண்டும். 3-க்குப் பிறகும் கோடு நேராகவில்லை என்றால் அடுத்த அறிகுறிக்குச் செல்லுங்கள்.

## அறிகுறி 6: இரு பக்கமும் வேறு வேறு நீட்சி

ஒரே கேஜை வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிகுறி தெரியவே தெரியாது. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் விடை மாறுகிறது என்று மட்டும் சொல்வார்கள். ஆகவே எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு கேஜ்கள் வைத்துச் சராசரி எடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரு பக்கமும் மாறுபட்டால் தண்டு இழுபடுவதோடு வளையவும் செய்கிறது. சிறிய முனையில் இழுவிசை மையத்திலிருந்து அரை மி.மீ. விலகினாலே, ஒரு பக்கத்துத் தகைவு மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே விலகல் 20 மி.மீ. முனையில் ஐந்தில் ஒரு பங்குதான் கூட்டும்.

பழுது தண்டிலா இயந்திரத்திலா என்று பிரிக்க, தண்டின் ஒரு பக்கத்தில் சாக்கட்டியால் குறியிட்டு, முதல் அளவீடு எடுத்தபின் தண்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி மீண்டும் மாட்டுங்கள்.

அதிக நீட்சி சாக்கட்டிக் குறியோடு சேர்ந்து சுற்றி வந்தால் பழுது தண்டில். லேத்தில் இரு சென்டர்களுக்கு இடையே வைத்து உருட்டி, டயல் கேஜை 12 மி.மீ. முனையில் வைத்துப் பாருங்கள். டேப்பரைக் கடைய டெயில்ஸ்டாக்கை (லேத்தின் பின்முனைத் தாங்கியை) நகர்த்தியவர்கள், நேரான பகுதிகளைக் கடையும்போது அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்களா என்று கேளுங்கள். 300 மி.மீ. டேப்பரைக் காம்பவுண்ட் ஸ்லைடால் (டூலைச் சாய்வாக நகர்த்தும் சிறு பகுதியால்) ஒரே ஓட்டத்தில் கடைய அதன் ஓட்டம் போதாது. ஆகவே நம் பட்டறைகளில் டெயில்ஸ்டாக் நகர்த்தும் முறைதான் பெரும்பாலும். மொத்த நீளம் 420 மி.மீ. என்றால் நகர்த்த வேண்டிய தூரம் 5.6 மி.மீ.; டேப்பரின் நீளத்தை மட்டும் கணக்கில் கொண்டு 4 மி.மீ. நகர்த்திவிடுகிற டர்னர்கள் உண்டு, அந்தத் தண்டில் சரிவே குறைவாக வரும். மையம் விலகிய தண்டை நிமிர்த்த முயலாமல் புதிதாகக் கடைவதே மேல்.

அதிக நீட்சி இயந்திரத்தின் அதே பக்கத்தில் நின்றால் பழுது இயந்திரத்தில். தாடைகள் இரண்டும் ஒரே உயரத்தில் உட்காரவில்லையா, ஒன்றின் பின்னால் இரும்புச் சிம்பு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அவை சரி என்றால் மேல் கிரிப்பும் கீழ்க் கிரிப்பும் ஒரே அச்சில் இல்லை. இது நாம் கை வைக்கும் வேலை அன்று. தூண்களை நேர்செய்யும் பணியாளரை அழையுங்கள்.

## அறிகுறி 7: சுமையை இறக்கியபின் முள் சுழிக்குத் திரும்பவில்லை

முதலில் வழுக்கலைச் சோதியுங்கள்; அறிகுறி 1-இல் சொன்ன மார்க்கர் கோடு போதும். வழுக்கல் இல்லை என்றால் சிறிய முனை ஈல்டு ஆகியிருக்கிறது, அதாவது பழைய நீளத்துக்குத் திரும்ப முடியாதபடி நீண்டுவிட்டது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கம்பி இழுப்பவர்கள், முனையைச் சிறுக்கடித்து அச்சுத் துளையில் நுழைத்து இழுக்கும்போது, விசை அளவு மீறினால் அந்தச் சிறுத்த இடமே முதலில் இளகி அறும். டேப்பர் தண்டிலும் அப்படித்தான். ஈல்டு தகைவு 250 என்று கொண்டால், நம் தண்டின் 12 மி.மீ. முனை ஏறத்தாழ 28 கிலோநியூட்டனில் ஈல்டு ஆகும். அப்போது 20 மி.மீ. முனையில் தகைவு 90-தான். தண்டின் பெரும்பகுதி நலமாக இருப்பதால், கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியவைக்க ஒரு வழி இருக்கிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் மெல்லியதாகக் கரைத்து, சிறிய முனையை ஒட்டிய 60, 70 மி.மீ. நீளத்துக்கு ஒரே பூச்சாகப் பூசி நன்றாகக் காயவிடுங்கள். ஈல்டு ஆகும்போது காய்ந்த சுண்ணாம்பில் முதலில் குறுக்காகவும் சாய்வாகவும் மயிரிழைக் கோடுகள் விழும். பிறகு செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த இடம் எதுவரை நீளுகிறதோ அதுவரை உலோகம் ஈல்டு ஆகியிருக்கிறது. சுண்ணாம்பு நேரான பகுதியும் டேப்பரும் சேரும் மூலையில் மட்டும் உதிர்ந்தால், அங்கே வளைவு விடாமல் கூர்மையாகக் கடைந்திருக்கிறார்கள்; அடுத்த தண்டில் அந்த மூலையை வளைவாக விடச் சொல்லுங்கள்.

ஒருமுறை ஈல்டு ஆன தண்டை நீட்சிச் சோதனைக்கு மறுபடி பயன்படுத்த வேண்டாம். 15 கிலோநியூட்டனிலேயே ஈல்டு ஆகிவிட்டது என்றால், கடையில் மைல்டு ஸ்டீல் என்று வாங்கிய கம்பி அந்தத் தரத்தில் இல்லை. அதே கம்பியின் இன்னொரு துண்டை ஐ.எஸ். 1608-இன்படி இழுவைச் சோதனை செய்து தரும் சான்று பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி ஈல்டு தகைவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பயன்பாட்டில் இருக்கும் இழுவைத் தண்டு என்றால், சான்று வரும்வரை அதில் சுமை ஏற்றாதீர்கள்.

## அறிகுறி 8: சுமையை நிறுத்திவைத்தால் அளவு மெல்ல நகர்கிறது

சுமைமுள்ளையும் சேர்த்துப் பாருங்கள். சுமை குறைந்து நீட்சியும் குறைந்தால் ஹைட்ராலிக் அழுத்தம் கசிகிறது. வால்வை இறுக மூடியும் கசிந்தால் சிலிண்டருக்கு அடியில் எண்ணெய் துளிர்த்திருக்கிறதா என்று காகிதம் வைத்துப் பாருங்கள். சீல் மாற்றுவது இயந்திரத்தைப் பிரிக்கிற வேலை. தொழில்நுட்பப் பணியாளர்தான் செய்ய வேண்டும். சுமை மாறாமல் நீட்சி மட்டும் ஏறினால் வெப்பத்தையும் வழுக்கலையும் மறுபடி பாருங்கள். ஸ்ட்ரெய்ன் கேஜ் (தண்டில் ஒட்டி நீட்சியை மின்வழியில் உணரும் மெல்லிய தகடு) ஒட்டியிருப்பவர்கள், பசை முழுவதும் காயாமல் அவசரப்பட்டு ஏற்றினாலும் எண் நிலைகொள்ளாது.

## அறிகுறி 9: முறியும்வரை இழுத்தபோது சிறிய முனையில் முறியவில்லை

தாடைக்குள் முறிந்திருந்தால் பற்கள் ஆழமாகக் கடித்திருக்கின்றன அல்லது தண்டு கோணலாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. டேப்பரின் நடுவில் முறிந்திருந்தால் முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: ஓரத்தில் கருத்த, துருப்பிடித்த பிறைபோன்ற பகுதி தெரிந்தால் அது பழைய விரிசல், டூல் ஆழமாகக் கீறிய வளையம் தெரிந்தால் கடைசலின் குறை. இரண்டில் எதுவாக இருந்தாலும், முறிந்த துண்டுகள் இரண்டையும் துடைக்காமல், முகத்தோடு முகம் உரசாமல், தனித்தனியாகத் தாளில் சுற்றி வையுங்கள். விரிசல் இருந்த தண்டு ஏதேனும் இயந்திரத்திலிருந்து கழற்றி வந்ததாக இருந்தால், அதே தொகுதியில் கடைந்த மற்ற தண்டுகளையும் கழற்றி, சாயம் ஊடுருவவைத்து விரிசல் காணும் சோதனையைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு செய்துவிட வேண்டும். அந்தத் துண்டுகளையும் அவரிடம் காட்டுங்கள்.